பயில்வான் பிள்ளை

திருகோணமலையில் ஜப்பான்காரன் குண்டு போடுவதற்குச் சில வருடம் முந்திய கதை. அப்போது காத்தான்குடியில் தறிச் சத்தம் கேட்காத ஒழுங்கையோ சந்தோ கிடையாது. ஸைனம்பு தறிக்குழிக்குள் இறங்கி மிதியில் கால் வைத்தால் மத்தியானம் லுஹர் தொழுகைக்குத்தான் எழும்புவாள். முதல் பிள்ளை அஹமட் பக்கத்தில் பாயில் கிடப்பான். நெளியமாட்டான், உதைக்கமாட்டான். எப்போதாவது கையும் காலும் ஒன்றாக விறைக்கும், பிறகு ஒன்றாகத் தளரும். தாயை வேலை செய்ய விடும் தங்கமான பிள்ளை என்று எல்லாரும் மெச்சினார்கள்.

பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிந்து சில வாரத்தில், பக்கத்து வீட்டுக் கைறுன்னிஸா அவனைத் தூக்கி நிறுத்திப் பார்த்தாள். கால் இரண்டும் கம்பாய் நின்றன.

“மாஷா அல்லாஹ்! பயில்வான்கா! இந்த வயசில எந்தப் புள்ள நிக்கும்?”

அன்றிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் ஸைனம்பு மகனை நிறுத்திக் காட்டினாள். அவள் கணவன் முத்தலிப் ஏறாவூருக்கு அவள் நெய்த சாரன் விற்கப் போகும் வழியெல்லாம் மகனின் காலைப் பற்றியே பேசினான்.

அந்தக் கால் பிறகும் மடங்கவில்லை. அவன் வயதுப் பிள்ளைகள் மதறஸாவுக்கு நடந்து போனபோது அஹமட்டுக்கு உட்காரவும் முடியவில்லை.

“பச்சப் புள்ளய அந்தளவு நிப்பாட்டினா நரம்பு செத்துப் போகாதா? தாய்தான் கெடுத்தது” என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தாள் கைறுன்னிஸா. முதலில் நிறுத்தியதே தான் என்பது அவளுக்கு வசதியாக மறந்துவிட்டது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாவம், ஸைனம்பு அதை நம்பினாள்.

வாவிக்கரை மணலில் இடுப்பளவு புதைத்தால் கால் வரும் என்றார்கள். கெடுத்தவளே சரிசெய்ய வேண்டும் என்று தினமும் மாலையில் அஸர் தொழுகைக்குப் பிறகு அவனைச் சுமந்துபோய்ப் புதைத்தாள். அவன் கதறுவான். நாளடைவில் அஸர் பாங்கு கேட்டாலே அழத் தொடங்கினான்.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது முத்தலிப் சொல்லிவிட்டான்: “இதுவும் இப்படியெண்டா நான் இந்த வாசல் மிதிக்கமாட்டன்.” அவளுக்குச் சீதனமாய் வந்த வீடு அது. மாப்பிள்ளை சட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினால் முடிந்தது.

பிறந்த ஜெமீலா ஒரு நிமிடம் சும்மா கிடக்கமாட்டாள். ஒரு காலை உதைத்தால் மற்றதை இழுப்பாள். மணிக்கட்டு சுழலும், விரல்கள் விரியும், கழுத்து நெளியும். அசையாத மகனையே பார்த்துப் பழகிய ஸைனம்புவுக்கு இது வலிப்போ என்று பயம். நிறுத்தினால் இவளையும் கெடுத்துவிடுவோம் என்று பிள்ளையின் பாதம் தரையில் பட விடவே இல்லை.

ஒருநாள் அவள் தறிக்குழியிலிருந்து ஏறுவதற்குள் கைறுன்னிஸா ஜெமீலாவைத் தூக்கி நிறுத்திவிட்டாள். முழங்கால் மடிந்து பிள்ளை தொய்ந்தது.

“இவளுக்குக் காலில பெலனே இல்லகா. மூத்தவன் எப்படி நிண்டான்!”

ஸைனம்பு பிள்ளையைப் பறித்தாள். அந்தக் காலை மடக்கினாள், நீட்டினாள், திரும்பவும் மடக்கினாள். அஹமட்டின் கால் ஒருநாளும் இப்படி மடிந்ததில்லை. யாரும் அவனை நிறுத்துவதற்கு முன்பும் மடிந்ததில்லை.

“ராத்தா, அவன் நிக்கல்ல. அவன்ட கால் மடங்கல்ல. பொறந்த நாளிலேர்ந்தே அப்படித்தான் கிடந்திரிக்கி. நான் கெடுக்கல்ல.”

கைறுன்னிஸா முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டாள். பின்னாளில் ஜெமீலா ஒழுங்கையெல்லாம் ஓடித் திரிந்தாள். முத்தலிப்பும் வீட்டோடுதான் இருந்தான்.

ஆனால் இது தெரிந்த அன்றைக்கு அஸர் பாங்கு கேட்டதும் பாயில் கிடந்த அஹமட் வழக்கம்போல அழத் தொடங்கினான்.

“அப்ப உன்ன ஏன் மனே இவ்வளவு நாளும் புதைச்சன்?” என்று ஸைனம்பு அவனை வாரி எடுத்துக் கதறினாள்.

அவன் இன்னும் பலமாக அழுதான். மணலுக்குத்தான் தூக்குகிறாள் என்று நினைத்துவிட்டான்.