சம்பங்கி நம்பாத ஊர்

சம்பங்கியோடு ஒரே ரயில் பெட்டியில் வேலைக்குப் போய்வருவது, கல்யாண வீட்டில் குறை சொல்லும் மாமாவோடு தினமும் பந்தியில் உட்காருவது மாதிரி. யார் எந்தக் கதை சொன்னாலும் அதில் ஓட்டை கண்டுபிடிப்பார். சினிமாவில் கதாநாயகன் காட்டில் மூன்று மாதம் ஒளிந்திருந்தால், "சவரம் யாரு பண்ணி வுட்டாங்க?" என்பார். நாங்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துக் கேட்பார், அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பெங்களூரில் ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தை மூடிய வருஷம் ரயிலேறியவர், இன்னும் இறங்கவில்லை. கோலார் தங்கவயலில் பாதிப் பேர் கதை அப்படித்தான். கார்மெண்ட்ஸுக்குப் போகிற நானும் அதில் சேர்த்தி. மாரிக்குப்பத்தில் இருட்டோடு வண்டி கிளம்பும். அங்கே ஏறுகிறவர்கள் உட்கார்வோம். அடுத்தடுத்த ஸ்டேஷன்களில் ஏறுகிறவர்கள் நிற்பார்கள். பங்காரப்பேட்டை வந்ததும் சம்பங்கி "ஷிப்ட்!" என்று ஒரு குரல் கொடுப்பார். தூங்குகிறவர்கள் எழுந்து நிற்க, நின்றவர்கள் உட்கார்ந்து தூங்குவார்கள். மாலூரில் மறுபடி ஒரு ஷிப்ட். கூப்பிடுகிற ஆள் கண்ணயர்ந்தால் எல்லாம் கெட்டுப்போகும் என்று அவர் மட்டும் கதவோரம் நின்றே வருவார். அதில் அவருக்கு ஒரு பெருமை வேறு.

இதே பெட்டியில்தான் தங்கவயல் நந்திதுர்க் பகுதி ஸ்வாதியும் வருகிறாள். ஏதோ ஆபீஸில் கணக்குப் பார்க்கிற பெண். போகிற வருகிற வழியில் போனிலேயே ஒரு நாவல் எழுதி முடித்திருந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இப்போது விழுந்து விழுந்து படிக்கிறார்களே, வருங்காலத்தில் உலகம் நாசமாகி, கொடுங்கோல் ஆட்சி நடந்து, பதினாறு வயசுப் பெண் ஒருத்தி எதிர்த்து நிற்பாளே, அந்த வகை. சென்னையில் லூயிசா என்கிற பதிப்பாளர் அதைப் படித்துவிட்டு, "நடை அழகு. ஆனால் அந்த உலகத்தை நம்ப முடியவில்லை. நம்ப வைத்தால் புத்தகம் போடுகிறேன், இல்லையென்றால் மன்னியுங்கள்" என்று சொல்லிவிட்டாராம். ஸ்வாதி முகமே செத்துப்போயிருந்தது. வருஷக்கணக்கில் தூக்கத்தை விட்டு எழுதியது ஆயிற்றே.

"படிம்மா, கேப்போம்" என்றேன்.

படித்தாள். 'சூரியன் எங்கள் ஊருக்கு வரும்போது ஊரில் ஆள் இருப்பதில்லை. பூட்டிய கதவுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு அது தன் வழியே போய்விடும்.' என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரத்தினம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"நல்லா கீது" என்றார் சம்பங்கி. அந்தக் குரலிலேயே அடுத்து வரப்போவது தெரிந்துவிட்டது. "ஆனா ஊர்ல ஒருத்தர்கூடவா இல்ல? எங்க பூட்டாங்க?"

"இருட்டோட எல்லாரையும் ஒரு இரும்புப் பெட்டியில ஏத்தி, தூரத்து நகரத்துக்கு வேலைக்கு இட்டுனு போய்டுவாங்கண்ணா. மறுபடி இருட்டினாத்தான் திரும்புவாங்க."

"தினமுமா?"

"தினமும். உக்கார எடம் பத்தாது. மணி அடிச்சா பாதிப் பேரு எழுந்து நிப்பாங்க, மீதிப் பேரு தூங்குவாங்க."

"இங்கதான் இடிக்குது!" சம்பங்கிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அந்த புக்கு போடுற அம்மா சொன்னது ரைட்டு. மனுசன் இதுக்கு ஒத்துக்குவானா? ஒரு நாள் பொறுத்துக்குவான், ரெண்டு நாள் பொறுத்துக்குவான். மூணாம் நாள் வண்டியக் கொளுத்திடுவான். யாரு சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்..."

பங்காரப்பேட்டை வந்துவிட்டது. கூட்டம் திமுதிமுவென்று ஏறியது. பேச்சை அப்படியே விட்டுவிட்டு, சம்பங்கி கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்: "ஷிப்ட்!"

பாதிப் பேர் எழுந்தோம். மீதிப் பேர் உட்கார்ந்தார்கள்.

முதலில் சிரித்தது ரத்தினம்மா. பிறகு நான், பிறகு பெட்டியே சிரித்தது. ஸ்வாதி வாயைப் பொத்திக்கொண்டாள். தன் கதை எங்கிருந்து வந்தது என்று எழுதியவளுக்கே அப்போதுதான் உறைத்திருக்கிறது! சம்பங்கி மட்டும், "இன்னாத்துக்கு சிரிக்கிறீங்க?" என்று திருதிருவென்று முழித்தார்.

"மூணாம் நாள் கொளுத்திடுவான்னியே, தீப்பெட்டி எடுத்துனு வந்திருக்கியாண்ணா?" என்றாள் ரத்தினம்மா.

அவர் பெட்டியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒருமுறை பார்த்தார். முகம் ஒரு நிமிஷம் சுண்டிப்போயிற்று. எனக்கே பாவமாக இருந்தது. அப்புறம் எங்கள் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார்.

அந்தக் கூத்தை நான் போனில் படம் பிடித்திருந்தேன். ஸ்வாதி அதை அப்படியே லூயிசாவுக்கு அனுப்பிவிட்டாள். மறுநாள் காலை, பதிலைப் பெட்டிக்கே படித்துக் காட்டினாள்: "உலகத்தை நம்பிவிட்டேன். இப்போது வேறொன்றை நம்ப முடியவில்லை. நாவல் முழுக்க ஒருவர்கூடச் சிரிக்கவில்லையே? அந்தக் கதவோரத்து மனிதரை உள்ளே கொண்டுவாருங்கள், புத்தகம் போடுகிறேன்."

எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. சம்பங்கி சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என்னிய உள்ள போடுறதுன்னா ஒரு கண்டிசன்மா" என்றார். "கதையிலயாவது எனக்கு ஒரு ஜன்னல் சீட்டு குடு. ஏறுன எடத்துலேர்ந்து எறங்குற வரைக்கும் யாரும் எழுப்பக் கூடாது."

சிரிக்க வாயெடுத்தவர்கள் சிரிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் உட்கார்ந்து வந்து நாங்கள் யாருமே பார்த்ததில்லை.

"கண்டிப்பா குடுக்கறேண்ணா" என்றாள் ஸ்வாதி.

சம்பங்கி கொஞ்சம் யோசித்தார். "வேணாம், வுடு. அத எவன் நம்புவான்?" என்றார். பிறகு கதவு வழியே வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "ஷிப்ட்!" என்று குரல் கொடுத்தார்.