பத்தக்காவின் பதினோராவது

பூமி சூரியனைச் சுற்றத் தொடங்கியபோது பக்கத்தில் நின்று "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிக் கொடுத்தது சித்திதான். அவள் மட்டும் வாயை மூடியிருந்தால் பூமி அன்றைக்கே மூச்சு வாங்கி ஓரமாக உட்கார்ந்திருக்கும். நட்சத்திரங்களை யாராலும் எண்ணி முடிக்க முடியாது என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். சித்தியைக் கேட்காமல் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

சரி, கொஞ்சம் கீழே இறங்கி வருவோம். முட்டி, இடுப்பு, தோள்பட்டை என்று மக்கர் செய்கிற பாகங்களுக்குப் பயிற்சி கொடுக்கிற ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சித்திக்கு வேலை. ஒரே கூடம், ஆறு கட்டில், கட்டிலுக்குக் கட்டில் பச்சைத் திரை. "இவருக்குப் பத்து தடவை" என்று டாக்டர் சீட்டில் கிறுக்கிவிட்டுப் போவார். சித்தி பக்கத்தில் நின்று எண்ணுவாள். பதினெட்டு வருஷமாக இதுதான் வேலை. பத்துக்கு மேல் அவளிடம் எண்ணே கிடையாது. அதற்கு அப்புறம் வருவது ஒரு வாக்கியம்தான்: "இன்னும் ஒண்ணே ஒண்ணு."

அதில்தான் விஷயமே இருக்கிறது. எட்டு வரும்போதே கால் கெஞ்ச ஆரம்பித்துவிடும். பத்து முடிந்ததும் ஆள் "அப்பாடா" என்று தலையணையில் சாய்வார். அந்த நேரம் பார்த்துச் சித்தி அதைச் சொல்வாள். ஆளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கோபத்தில் ஒரு தூக்கு தூக்குவார் பாருங்கள், அந்தத் தூக்கில்தான் முட்டி நிஜமாக வழிக்கு வரும். இது எந்தச் சீட்டிலும் எழுதப்படாத வைத்தியம். டாக்டருக்கே தெரியாது. கட்டிலில் படுத்தவர்களுக்கு மட்டும் தெரியும். அவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பத்தக்கா. வாழ்த்தும்போதும் அதே பெயர், திட்டும்போதும் அதே பெயர்.

ஒரு திங்கட்கிழமை காலை டாக்டர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். செங்கல் அளவு, முகத்தில் ஒரு திரை, வயிற்றில் ஒலிபெருக்கி, கூடவே ஒரு கீபோர்டு.

"கட்டிலுக்கு ஒண்ணு வாங்கியிருக்கேன். இனிமே இது எண்ணும்."

"அப்ப நான் என்ன டாக்டர் பண்றது?"

"இதுக்கு எண்ணச் சொல்லிக் கொடுக்க ஒரு ஆள் வேணுமே. இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பழகுங்க. சனிக்கிழமை காலையில என் கண் முன்னாடி ஒருத்தருக்கு ப்ரோக்ராம் எழுதி ஓட்டிக் காட்டுங்க. சரியா வந்தா ஆறு பெட்டிக்கும் நீங்கதான் பொறுப்பு. வரலைன்னா பின்னாடி துணிக்கூடத்துல ஒரு இடம் இருக்கு."

துணிக்கூடம் என்றால் போர்வை மடிப்பது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சித்தி அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். போர்வையிடம் போய் இன்னும் ஒண்ணே ஒண்ணு என்றா சொல்ல முடியும்?

சித்தி இருப்பது அக்கா வீட்டில். அங்கே கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் அக்கா மகள். தெரியும் என்றால், அரையாண்டுப் பரீட்சையில் நூற்றுக்குப் பதினொன்று வாங்குகிற அளவுக்குத் தெரியும். அவளுக்கு முறையாக ஒரு பெயர் உண்டு, ஆனால் வால் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். அவளுக்கும் அதே சனிக்கிழமை காலையில் கம்ப்யூட்டர் மறுபரீட்சை. ஆக, ஒரு புத்தகம், ஒரு பெட்டி, தலைக்குமேல் கத்தி தொங்குகிற இரண்டு பேர்.

சாப்பாட்டு மேசையில் பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார்கள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பதற்கு லூப் என்று பெயராம். எங்கே தொடங்கவேண்டும், எங்கே நிற்கவேண்டும் என்று இரண்டு எண்ணைக் கொடுத்தால் போதும். சித்தி ஒன்று என்றும் பத்து என்றும் ஒவ்வொரு விரலாகத் தட்டினாள். பெட்டி பேசியது. தகர டப்பாவுக்குள் சளி பிடித்த ஆள் ஒருவர் மாட்டிக்கொண்ட மாதிரிக் குரல். ஒன்று, இரண்டு என்று போய் ஒன்பதோடு வாயை மூடிக்கொண்டது.

"ஏய் வால், பத்து எங்கடீ?"

"அது அப்படித்தான் சித்தி. கடைசி நம்பரைத் தொடாது. வாசல் வரைக்கும் வந்து நின்னுடும்."

"ஏன்?"

"ஏன்னு புக்ல போடல."

"என்கிட்ட ஒரு லாரிக்காரர் வர்றாரு, முட்டி ஆபரேஷன் ஆனவர். நாலு, அஞ்சு, ஏழுன்னு ஆறை முழுங்குவாரு. இது பத்தை முழுங்குது. ரெண்டு பேரையும் ஒரே கட்டில்ல போடணும்."

பத்தை அழித்துவிட்டுப் பதினொன்று என்று போட்டாள். பெட்டி ஒழுங்காகப் பத்து வரை எண்ணியது. வால் கைதட்டினாள். சித்தியோ தலையைச் சாய்த்துப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சிடுச்சு சித்தி."

"எங்க முடிஞ்சுது? இன்னும் ஒண்ணு வரணுமே?"

சொல்லிக்கொண்டே பன்னிரண்டு என்று மாற்றினாள். பெட்டி பதினொன்று வரை எண்ணியது. சித்தியின் முகத்தில் இப்போதுதான் வெளிச்சம் வந்தது.

"கேள்வி பத்துதானே சித்தி?"

"சீட்டுலதான் பத்து."

"ஐயோ, இப்படி ஒண்ணு கூட, ஒண்ணு குறைய எழுதித்தான் எனக்குப் பதினொரு மார்க்!"

"பார்த்தியா, உனக்குக்கூடப் பதினொண்ணுதான் வந்திருக்கு."

செவ்வாய்க்கிழமை சித்தி தொடக்க எண்ணைப் போட மறந்தாள். பெட்டி "பூஜ்யம்" என்று ஆரம்பித்தது. பூஜ்யம் என்றால் காலைத் தூக்கவேண்டுமா, வேண்டாமா என்று அரை மணி நேரம் விவாதம். புதன்கிழமை புத்தகத்திலிருந்த வேறொரு மாதிரி லூப்பை எழுதினாள். அதில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றைக் கூட்டச் சொல்லவேண்டும். சித்தி சொல்லவில்லை. பெட்டி "ஒன்று, ஒன்று, ஒன்று" என்று பிடித்த பிடியை விடவில்லை. சமையலறையிலிருந்து வாலின் அம்மா கத்தினாள்: "அதுக்கு ரெண்டு தெரியாதாடீ? யாராவது எடுத்துக் கொடுங்களேன்!"

வியாழக்கிழமை கச்சேரியே களைகட்டியது. ஆறு வரை ஒழுங்காக எண்ணிய பெட்டி, ஏழு வரவேண்டிய இடத்தில் வள்ளென்று குரைத்தது. சித்தி துள்ளியதில் டீ கீபோர்டில் கொட்டியது. ஒவ்வொரு எண்ணின் குரலும் பெட்டிக்குள் தனித்தனியாகக் கிடக்கிறது, பிடிக்காததை எடுத்துவிட்டு வேறு சத்தம் வைத்துக்கொள்ளலாம் என்று வால் கண்டுபிடித்திருந்தாள். பக்கத்து வீட்டு நாயைப் பதிவு செய்ய அவளுக்கு இரண்டு பிஸ்கட் செலவு.

"இப்பவே பழையபடி மாத்து. எப்படி மாத்துறேன்னு எனக்கும் காட்டு."

மாட்டிக்கொண்ட நேரத்திலும் வாலுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒவ்வொரு படியாகக் காட்டிக் கொடுத்தாள்.

எல்லாம் சரி, கைதான் கேட்கவில்லை. சித்தி பதினொன்று என்று நினைத்து விரலை வைப்பாள், திரையில் பன்னிரண்டு நிற்கும். வெள்ளிக்கிழமை மாலை நாற்பது தடவை எழுதிப் பார்த்ததில் முப்பத்து மூன்று தடவை பன்னிரண்டு. கடைசியில் பேனாவை எடுத்து இடது உள்ளங்கையில் கொட்டை எழுத்தில் 11 என்று எழுதிக்கொண்டாள்.

"துணி மடிக்கிறது ஒண்ணும் மோசமான வேலை இல்லடீ," என்றாள், யாரும் கேட்காமலே. "ஆனா அங்க யாரும் என்னைத் திட்ட மாட்டாங்க."

"திட்டலைன்னா நல்லதுதானே?"

"என்னைத் திட்டுறவங்க எல்லாம் நடந்து வீட்டுக்குப் போறாங்க."

வால் எழுந்து நின்று, தனக்கும் முட்டி பிடித்துக்கொண்டது, பத்து தடவை உட்கார்ந்து எழுகிறேன், எண்ணு என்றாள். சித்தி எண்ணினாள். வழக்கம்போல முடிவில் அந்த வாக்கியத்தையும் சொன்னாள். வாலின் போன் மேசைமேல் குப்புறக் கிடந்தது. பிறகு, கீபோர்டில் டீக்கறை இருக்கிறது, துடைத்துத் தருகிறேன் என்று பெட்டியோடு உள்ளே போனாள்.

சனிக்கிழமை. கட்டிலில் லாரிக்காரர். தலைமாட்டில் டாக்டர், கையில் முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கிற கோணமானி. சித்தி உள்ளங்கையைப் பார்த்தாள். வியர்வையில் 11 கரைந்து நீலத் தீற்றலாக இருந்தது. பரவாயில்லை, மனசில் இருக்கிறது என்று தட்டிவிட்டு ஓட்டும் பொத்தானை அழுத்தினாள். பெட்டி "மூன்று" என்று சொல்லும்போதுதான் திரையைப் பார்த்தாள். பன்னிரண்டு.

நிறுத்துகிற பொத்தான் எது என்று படித்திருந்தாள். எது என்றுதான் ஞாபகம் வரவில்லை. பத்தோடு நின்றுவிடு சாமி என்று பெட்டியைக் கும்பிடாத குறை. அது பாட்டுக்குத் தகரக் குரலில் போய்க்கொண்டிருந்தது. லாரிக்காரர் ஐந்து வரை காலைத் தூக்கினார். அதற்குப் பிறகு, எண்ணுவது மெஷின்தானே, அதற்குக் கண்ணா இருக்கிறது என்று கால் கட்டைவிரலை மட்டும் ஆட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார். ஆறை மட்டும் முழுங்குகிறவர், ஆறிலிருந்து பத்து வரை மொத்தமாக முழுங்கிவிட்டார்.

"பத்து," என்றது பெட்டி. டாக்டர் தலையாட்டினார். சித்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு!"

தகரக் குரல் இல்லை. சித்தியின் குரல். சித்தியின் வாய் மூடியிருந்தது.

"உன் தொல்லை பெரிய தொல்லையா போச்சு பத்தக்கா!" என்று கத்திக்கொண்டே லாரிக்காரர் காலை விசுக்கென்று தூக்கினார். முட்டி மடங்கியது. டாக்டர் அவசரமாகக் கோணமானியை வைத்துப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"நேத்தைவிட எட்டு டிகிரி கூட. நான் பத்துதானே எழுதினேன்?"

"கைப்பழக்கம் டாக்டர்."

"எத்தனை நாளா?"

"பதினெட்டு வருஷமா."

டாக்டர் தான் எழுதிய சீட்டை எடுத்துப் பார்த்தார். லாரிக்காரர் குறுக்கே புகுந்தார். "இந்த டப்பா சத்தத்துக்கெல்லாம் நான் காலைத் தூக்க முடியாது டாக்டர். அக்கா சத்தம்னா கால் என்னைக் கேக்காமலே போகுது."

டாக்டர் கோணமானியைப் பைக்குள் போட்டார். "ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் உங்க குரலையே போட்டுக் கொண்டு வாங்க. ஆறு பெட்டிக்கும். அந்தப் பன்னெண்டை மாத்த வேண்டாம்."

பச்சைத் திரை லேசாக ஆடியது. ஃபேன் காற்றாக இருக்கும்.

அடுத்த வாரம் சித்தி பெட்டியில் குரல் பதிந்துகொண்டிருந்தபோது, கிறுக்கிப் பார்க்கக் காகிதம் தேடி வாலின் கம்ப்யூட்டர் நோட்டை எடுத்தாள். பின்பக்கத்திலிருந்து தலைகீழாக எழுதியிருந்த இந்தக் கதை கையில் சிக்கியது. ஃபேன் காற்று வரைக்கும் எழுதி முடிந்திருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் படித்தாள். வால் கதவோரம் நழுவப் பார்த்தாள்.

"நில்லுடீ. பூமிக்கு நானா எண்ணிக் கொடுத்தேன்?"

"அது ஒரு பில்டப் சித்தி."

"கிடக்கட்டும். லாரிக்காரர் கட்டைவிரலை மட்டும் ஆட்டினார்னு எழுதியிருக்கே. நான் அதைச் சொல்லவே இல்லையே?"

"சும்மா, கற்பனை."

"எட்டு டிகிரியும் கற்பனையா?"

வால் சுவரில் பல்லியைத் தேடினாள்.

"ஃபேன் காத்துல திரை ஆடுச்சாம். அந்த ஃபேன் ரிப்பேராகி ரெண்டு மாசம் ஆச்சு." சித்தி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "சனிக்கிழமை காலையில பரீட்சை எந்தக் கட்டில்ல எழுதின?"

வால் கதவுக்குப் பின்னால் பாதி ஒளிந்தாள்.

"நாளைக்கு உன் டீச்சர்கிட்ட நான் வந்து கெஞ்சுறேன். எனக்கு லூப் சொல்லிக் கொடுத்த மாதிரி அவங்களுக்கு எழுதிக் காட்டு. இப்ப பத்து தடவை உட்கார்ந்து எழு. பெட்டி எண்ணும்."

வால் உட்கார்ந்து எழுந்தாள். பெட்டி சித்தியின் குரலில் ஒன்று, இரண்டு என்று எண்ணியது. ஏழு ஏழாகவே வந்தது. பத்து முடிந்ததும் அப்பாடா என்று கதவைப் பிடித்துக்கொண்டாள். பெட்டி ஒரு நொடி சும்மா இருந்தது. பிறகு வள்ளென்று குரைத்தது.

சித்தி நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அது பதினொண்ணு. உட்காரு."