சோல்மாஸின் சுத்தமான கைகள்

சோல்மாஸின் அண்ணன் கதீருக்கு வாய் நீளம். சாப்பாட்டு விரிப்பில் தங்கை ரொட்டியைப் பிய்க்கும்போதெல்லாம் அவள் கையைத்தான் பார்ப்பான்.

"ஏழு மாசமா மெஷின் வேலை படிக்கிறாளாம். கையைப் பாருங்கம்மா, பேங்க் மேனேஜர் தோத்துடுவாரு. நவ்ரூஸ் புத்தாண்டுக்குள்ள வேலை கிடைக்கலைன்னா பேசாம சித்தியோட தையல் கடைக்குப் போயிடு."

அவளுக்குச் சுருக்கென்று தைக்கும். அதில் உண்மை இருந்ததுதான் காரணம்.

ஈரானில் தப்ரீஸ் நகரத்துக்காரர்களின் மரியாதை தெரிந்ததுதானே. ஒரு வாசலைத் தாண்டவே "நீங்க முதல்ல", "ஐயோ, நீங்கதான்" என்று கால் மணி நேரம் நிற்கிற ஊர். பயிற்சிக்கூடத்தில் அவள் ஒருத்திதான் பெண். கேட்கவா வேண்டும்? கணினியில் புரோக்ராம் எழுதி முடித்துவிட்டு, அதன்படி இரும்பில் துளை போடும் மெஷினை நெருங்கினால் போதும், கூடப் படிக்கும் ஃபிரூஸ் ஓடி வந்துவிடுவான். "நீங்க எதுக்கு சிரமப்படுறீங்க, சோல்மாஸ் அம்மணி? கை அழுக்காயிடும். உக்காருங்க, டீ ஆறிடப் போகுது." நல்ல பையன், மனதில் கள்ளமில்லை. இரும்புக் கட்டையை மெஷின் மேஜையில் கிளாம்ப் என்கிற பிடிப்பான் வைத்து இறுக்குவதும் அவன்தான், ஓட்டுவதற்கான பச்சைப் பொத்தானை அழுத்துவதும் அவன்தான். இவளும் சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்து டீயை உறிஞ்சியபடி மெஷின் கண்ணாடிக்கு வெளியே நின்று, தான் எழுதியது ஓடுவதை வேடிக்கை பார்ப்பாள். மரியாதை என்ற பெயரில் நடந்த இந்த அநியாயத்தைத் தட்டிக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

பம்பு உதிரிபாகம் செய்யும் பட்டறை முதலாளி ஷோஜாயி ஆள் எடுக்க வந்தார். ஒரே ஓர் இடம். ஃபிரூஸ் முதலில் ஓட்டிக் காட்டினான், குறையில்லை. அடுத்து சோல்மாஸ். அவள் புரோக்ராமை ஏற்றிவிட்டுத் திரும்புவதற்குள், ஃபிரூஸ் பழக்க தோஷத்தில் அவள் கட்டையையும் மாட்டி இறுக்கிவிட்டான். பொத்தானுக்கும் கையை நீட்டினான்.

"வேணாம் அண்ணே. இது என்னோடது" என்றாள்.

வேகத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தாள். ஒரு கை மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் மேல் இருக்க, மறு கையால் பச்சையை அழுத்தினாள். முதல் துளை ஒழுங்காக விழுந்தது. அடுத்த துளைக்கு டிரில் மெல்ல நகர்ந்தது. நேரே எதிரில் கிளாம்ப் துருத்திக்கொண்டிருந்தது. ஃபிரூஸ் மாட்டியது உயரமான கிளாம்ப். புரோக்ராம் எழுதும்போது அவள் கணக்கில் இருந்ததோ குட்டையானது. ஓங்கி அடித்தாள் சிவப்பை. ஒரு விரல் இடைவெளியில் மெஷின் நின்றது.

எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தாள்.

"யார் தப்பு?" என்றார் ஷோஜாயி.

"என் தப்புங்க ஐயா, நான்தான் மாட்டினேன்" என்று ஃபிரூஸ் முந்திக்கொண்டான். அதிலும் மரியாதை!

"இல்லைங்க, என் தப்பு" என்றாள் சோல்மாஸ். "ஓட்டுறதுக்கு முன்னாடி எப்படி மாட்டியிருக்குன்னு நான் பாத்திருக்கணும். ஏழு மாசமா இவர் மாட்டித் தந்தாரு. வேணாம்னு நான் ஒரு தடவைகூடச் சொல்லல."

"இப்ப யாரு மாட்டப் போறது?"

ஃபிரூஸ் ஸ்பேனரை எடுத்திருந்தான். அவள் கையை நீட்டினாள். "கொடுங்க அண்ணே. நீங்க உக்காந்து டீ குடிங்க."

கிளாம்பைக் கழற்றி, குட்டையானதைத் தேடி மாட்டி, முழங்கை வரை எண்ணெயாக இறுக்கினாள். மிச்சத் துளைகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

ஷோஜாயி கட்டையை அளந்து பார்த்தார். "புரோக்ராம் எழுதத் தெரிஞ்சவங்க நிறையப் பேர் வர்றாங்கம்மா. சிவப்புல கை வச்சுக்கிட்டு நிக்கிறவங்கதான் எனக்கு வேணும். சனிக்கிழமை வேலைக்கு வந்துடுங்க."

ஃபிரூஸ்தான் முதலில் கைதட்டினான். அவனுக்காக அவளுக்கு வருத்தமாகவும் இருந்தது.

வீட்டில் அவள் ரொட்டியை எடுத்தபோது கதீர் பதறினான். "என்னடி இது? கையைக் கழுவிட்டு வந்து உக்காரக் கூடாதா?"

"கழுவிட்டுத்தான் வந்தேன். போகல" என்றாள் சோல்மாஸ்.