டயரடி அம்மன்

ஒரகடம் கூட்ரோட்டுக்கு வந்து கனகம் எங்கே என்று கேட்டால் எந்தக் கனகம் என்பார்கள். எலுமிச்சம்பழ கனகம் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில் டூர் பஸ்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் கூடையோடு உட்கார்ந்திருப்பாள். அவளுக்குப் பக்கத்தில் கூழ் வண்டி போட்டிருக்கும் சந்திரம்மாள் நான். என்னை யாரும் அப்படித் தேடி வருவதில்லை. கூழ் குடிக்கிறவன் எதற்குப் பேர் கேட்கப் போகிறான்?

கனகத்துக்கு வடக்குப்பட்டு. நெல் போட்ட குடும்பம்தான். அந்த நிலத்தில் இப்போது ஒரு கம்பெனியின் மதில் ஓடுகிறது. அதைப் பற்றி அவள் ஒரு நாளும் மூக்கைச் சிந்தியதில்லை. அதே மதிலுக்குள்ளே கொஞ்ச காலம் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தாள். பாத்ரூம் கழுவ வந்தவளைச் சூப்பர்வைசர் 'ஏய்' என்று கூப்பிட, அவளும் பதிலுக்கு 'ஏய்' என்று கூப்பிட, வேலை போயிற்று. அதற்குப் பிறகு கிருத்திகைக்குக் கிருத்திகை வல்லக்கோட்டை முருகன் கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் விற்றாள். அங்கே வந்த ஒரு பஸ் டிரைவர்தான் வழி சொன்னார். கோயிலில் ஒரு ஆளுக்கு ஒரு பழம், எங்கள் வரிசைக்கு வந்தால் ஒரு வண்டிக்கு எத்தனை பழம் என்று யோசித்துப் பார் என்றார்.

அவர் சொன்னது சரிதான். டூர் கிளம்புகிற பஸ் எதுவும் வெறும் டயரோடு கிளம்பாது. சக்கரத்துக்கு அடியில் பழத்தை வைத்து, கற்பூரம் காட்டி, வண்டியை எடுப்பார்கள். பழம் நசுங்கிய பிறகுதான் திருப்பதியோ வேளாங்கண்ணியோ. முன்கண்ணாடிக்கு மேலே மிளகாயும் பழமும் கோத்த கயிறு வேறு. அதில்தான் கனகம் தன் மகள் நிலாவைப் படிக்க வைத்தாள். அவள் வீட்டுக்காரர் சுப்பிரமணி குடோன் வாட்ச்மேன். பகலெல்லாம் தூங்குவார், விழித்தால் சாப்பாடு கேட்பார். வீட்டை நடத்தியது எலுமிச்சம்பழம்தான்.

இந்த பஸ்கள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்பது எல்லோருக்கும் தெரியும். 'இங்கே வண்டி நிறுத்தாதீர்' என்று ஒரு போர்டு இருக்கிறது. பஸ்ஸை நகர்த்தினால்தான் அந்தப் போர்டைப் படிக்க முடியும். சாலையை அகலமாக்கியபோது புளியமரங்கள் போய்விட்டன. கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு நிழல் என்றால் இந்த டூர் பஸ்ஸின் நிழல்தான். இரண்டு பஸ்ஸுக்கு நடுவே இருக்கும் இடுக்கில் நிற்பார்கள். பின்னாலிருந்து கம்பெனி பஸ் வருகிறதா என்று தெரியாது, ஏனென்றால் பக்கத்திலேயே பஸ் ஒன்று மறைத்துக்கொண்டு நிற்கும். தெரிய வேண்டுமென்றால் அதைத் தாண்டி ஒரு எட்டு தார் ரோட்டில் வைத்து எட்டிப் பார்க்க வேண்டும்.

ஜாஸ்மின் அப்படித்தான் எட்டிப் பார்த்தாள். தை மாசம், செகண்ட் ஷிப்ட் போகிற மத்தியான நேரம். நிலாவும் அவளும் கம்பெனியில் ஒரே லைனில் வேலை, ஒரே டப்பாவில் சாப்பாடு. எட்டிப் பார்த்தவளைக் கன்டெய்னர் லாரி அடித்துவிட்டது. தூக்கி வந்து, பக்கத்தில் நின்ற வெள்ளை டூர் பஸ்ஸின் நிழலில் படுக்க வைத்தோம். கனகம் முன் டயரில் சாய்ந்து உட்கார்ந்து அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் வந்தபோது மடி நனைந்திருந்தது, பெண் போய்விட்டிருந்தாள்.

அந்த வெள்ளை பஸ்ஸின் டிரைவர் இசக்கிபாண்டி, திருநெல்வேலிப் பக்கத்து ஆள். பஸ் நின்ற இடத்தில் நின்றதுதான், யாரையும் இடிக்கவில்லை. ஆனாலும் அந்த மனுஷன் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது கனகத்திடம் வந்து சொன்னார்.

"எக்கா, இது அடிக்கல. ஆனா இதுதான் மறைச்சுச்சு. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை டயருக்கு ஒரு பழம் வச்சிருங்க. ரத்தம் பாத்த வண்டி, சும்மா கெடக்கக் கூடாது."

எஃப்.சி. முடிந்த வண்டி, இனி ரோட்டில் ஓட்ட முடியாது. ஓனர் வரவேயில்லை. நீலத் திரைகளை இழுத்து மூடியபடி அது அங்கேயே நின்றது. கண்ணாடியில் தூசி ஏற ஏற, உள்ளே யாரோ உட்கார்ந்திருப்பது போலத் தெரிய ஆரம்பித்தது. நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. ஆனால் என் வண்டியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

முதல் வெள்ளிக்கிழமை பழம் வைக்கக் குனிந்த கனகம் அப்படியே நின்றுவிட்டாள். டயருக்கு முட்டுக் கொடுக்க வைத்திருந்த கருங்கல்லில் கறை இருந்தது. மடியிலிருந்து வழிந்தது அதன்மேல் காய்ந்து கிடந்தது.

"பொண்ணு ரத்தம்க்கா. இது போய் டயருக்கு அடில கீதே" என்றாள் என்னிடம். பூக்காரி பாஞ்சாலியும் ஒரு கை கொடுக்க, இரண்டு பேருமாகக் கல்லை இழுத்து வெளியே எடுத்தார்கள். கழுவி, மஞ்சள் தடவி, மதில் ஓரமாக நிறுத்தினார்கள். கல் இருந்த இடத்தில் கனகம் பழத்தை வைத்தாள். பாஞ்சாலி கல்லுக்கு ஒரு முழம் மல்லி சுற்றினாள். நானும் கற்பூரம் ஏற்றினேன். யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை, பெண் பிள்ளை பெற்றவள் மனசு அப்படித்தானே நினைக்கும்.

ஒரே மாசத்தில் அது மல்லியம்மன் ஆகிவிட்டது. செகண்ட் ஷிப்ட் பிள்ளைகள் கும்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள். ஜாஸ்மினின் அண்ணன் ஜோயல் மட்டும் கும்பிட மாட்டான். அவனும் அதே கம்பெனிதான். வருவான், கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தி வைப்பான், பஸ் வரும்வரை நிற்பான்.

பிறகுதான் அது ஆரம்பித்தது. ஒரு வெள்ளிக்கிழமை கனகம் புதுப் பழம் வைக்கப் போனாள். பழைய பழம் நசுங்கிக் கிடந்தது. சாறு காய்ந்து, தோல் தாரோடு ஒட்டிப்போயிருந்தது. நகராத வண்டிக்கு அடியில் பழம் எப்படி நசுங்கும்?

"எலி கடிச்சிருக்கும்" என்றேன்.

"எலி கடிச்சா ஓட்டை இருக்கும்க்கா. இது மிதிச்சா மாதிரி கீது."

அடுத்த வாரமும் அப்படியே. அதற்கப்புறம் தினமும் பழம் வைத்தாள், தினமும் நசுங்கியது. பங்குனி வெயிலில் தார் இளகி, லாரி போகும்போதெல்லாம் காலுக்கடியில் தரை அதிரும் நேரத்தில், பட்டப்பகலில், யாரும் இல்லாத அந்த பஸ்ஸின் திரைகள் மெல்ல ஆடும். காற்று இருக்காது. பிள்ளைகள் நிற்கிற இடுக்கும் சின்னதாகிக்கொண்டே வந்தது. முன்பெல்லாம் இரண்டு பேர் தோளோடு தோள் நிற்பார்கள். பிறகு ஒருத்தி திரும்பி நின்றால்தான் இன்னொருத்தி நுழைய முடிந்தது. வெள்ளை பஸ்ஸுக்கு முன்னால் நிற்கும் பஸ், பரீட்சை சமயம் டூர் இல்லாமல் அசையாமலே நின்றது. அப்படியானால் எது நெருங்குகிறது? அதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

பாஞ்சாலிதான் ஒரு நாள் சொன்னாள். "பொண்ணுக்குத் தொணை வேணுமாம். கூட வேல செஞ்சவள கூப்புடுது."

கனகத்தின் முகம் வெளுத்துவிட்டது. கூட வேலை செய்தவள் என்றால் நிலாதானே. அன்றைக்கே அம்மனுக்குப் புடவை சாத்தினாள். பழத்தை ஒன்றுக்கு மூன்றாக வைத்தாள். நிலாவிடம் வேலையை விடச் சொல்லிக் கெஞ்சினாள். "ஜாஸ்மின் என்னை ஒண்ணும் பண்ண மாட்டா, போம்மா" என்று அந்தப் பெண் அதே நிழலில் போய் நின்றாள். வேறு நிழல் எங்கே இருக்கிறது?

மே மாசம் பிறந்தது. லீவு விட்டதும் முன்னால் நின்ற பஸ்ஸுக்கு டூர் கிடைத்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளம்புவதாக இருந்தார்கள். டிரைவர் வந்து கனகத்திடம் பழம் வாங்கிப்போய் டயருக்கு வைத்தார். கனகமும் வெள்ளை பஸ்ஸுக்கு வைக்கக் குனிந்தாள். குனிந்தவள் எழுந்திருக்கவில்லை. நான் கூப்பிட்டேன். பக்கத்தில் போய்ப் பார்த்தேன்.

அவள் வைத்த பழம் அவள் விரலுக்கு முன்னாலேயே நசுங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக, சத்தமில்லாமல். முதலில் தோல் இழுபட்டது, பிறகு விதை வெளியே வந்தது, பிறகு டயர் அதை மூடியது. ஓடிவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

கனகம் டயரைப் பார்த்தாள். டயருக்குப் பின்னால் பார்த்தாள். தாரில் காய்ந்த தோல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன, பஸ் வந்த வழியெல்லாம். பிறகு மதில் ஓரத்தில் புடவை கட்டி நிற்கிற கல்லைப் பார்த்தாள்.

"யக்கா, இதை இன்னா பண்ணிட்டேன் நானு" என்றாள்.

எழுந்தவள் நேராகக் கல்லிடம் போய்ப் பூவையும் புடவையையும் உருவிப் போட்டாள். பாஞ்சாலி குறுக்கே வந்து நின்றாள்.

"சாமிய தொடாத கனகம். உச்சி நேரத்துல சாமிய நகுத்தினா குடும்பத்துக்கு ஆவாது."

"அது சாமி இல்ல பாஞ்சாலி. முட்டுக்கல்லு. சரிவுல நிக்கிற வண்டிய அதான் புடிச்சிகினு இருந்துது. நாமதான் உருவிட்டோம். நகரு."

பாஞ்சாலி நகரவில்லை. கும்பிட வந்த நாலு பெண்களும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். அதற்குள் முன்னால் நின்ற பஸ் ஸ்டார்ட் ஆகி, பழத்தை நசுக்கிக்கொண்டு, சாலையில் ஏறிப் போய்விட்டது. நிலாவும் மூன்று பிள்ளைகளும் காலியான இடத்தில் வெள்ளை பஸ்ஸுக்கு முதுகு காட்டி நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை பஸ்ஸும் கிளம்பியது. இன்ஜின் ஓடவில்லை, டிரைவர் இல்லை. முன்னால் போன பஸ்ஸின் பின்னாலேயே போகிறாற்போல நீலத் திரைகள் ஆட ஆட வந்தது.

ஜோயல் அப்போதுதான் மெழுகுவர்த்தியோடு வந்திருந்தான். பாஞ்சாலியின் தோளைப் பிடித்து ஒதுக்கினான்.

"என் தங்கச்சி சாமி இல்ல. வேலைக்குப் போன பொண்ணு. வுடுங்க."

அவன் ஒரு பக்கம், கனகம் ஒரு பக்கம். கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் நிலாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், லாரிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. கல்லை டயருக்கு முன்னால் தள்ளினார்கள். ஜோயல் கையை எடுத்துவிட்டான். கனகம் கடைசிவரை பிடித்திருந்து சரியாகப் பொருத்தினாள். பஸ் கல்லில் முட்டி, லேசாக ஏறி, பின்னுக்கு வந்து நின்றது. நிலா திரும்பியபோது பம்பர் அவள் ஷிப்ட் பையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கனகத்தின் வளையல்கள் உடைந்து மணிக்கட்டில் ஏறியிருந்தன. கல் மறுபடியும் ரத்தமாக இருந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் கூட்டம் கண்ணால் பார்த்தது என்ன? டிரைவர் இல்லாத பஸ் வந்தது, அம்மன் போய்க் குறுக்கே விழுந்து நிறுத்தினாள். பாஞ்சாலிக்கு அங்கேயே அருள் வந்துவிட்டது. முட்டுக்கல் என்று கனகம் சொன்னது யார் காதில் ஏறும்? சாயங்காலத்துக்குள் டயரடி அம்மன் என்று பேர் வந்துவிட்டது. குங்குமம் வைக்கிறவர்கள் இப்போது பஸ்ஸின் முன்சக்கரத்துக்கு அடியில் தலையை நுழைத்து வைக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் கல் அசையாமல் இருக்கிறதா என்று நான் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.

பஸ்ஸை இழுத்துப் போக ஒரு நாள் கிரேன் வந்தது. வண்டியை எடுத்தால் அம்மன் மேலே ஏறிவிடும் என்று சனங்கள் குறுக்கே உட்கார்ந்தார்கள். "கல்ல எடுத்து ஓரமா வச்சிட்டு வண்டிய இஸ்துகினு போங்க சார்" என்று கனகம் ஒருத்திதான் கெஞ்சினாள். கிரேன் ஆள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போய்விட்டார். இனிமேல் அந்த பஸ்ஸை யாரும் அசைக்க முடியாது. கும்பிட வருகிறவர்களின் வேன்கள் வேறு அதற்குப் பின்னால் நிற்கின்றன. சாலை முன்பு மறைந்ததைவிட இப்போது இன்னும் அதிகமாக மறைகிறது.

கனகம் எலுமிச்சம்பழம் விற்பதை விட்டுவிட்டாள். கூடை என் வண்டிக்கு அடியில் காலியாகக் கிடக்கிறது. செகண்ட் ஷிப்ட் நேரம் வந்தால் வெள்ளை பஸ்ஸைத் தாண்டி ஒரு எட்டு தார் ரோட்டில் வைத்து, வருகிற வண்டிகளைப் பார்த்து நிற்கிறாள். லாரி வந்தால் பிள்ளைகளைப் பார்த்துக் கையை நீட்டித் தடுக்கிறாள். கம்பெனி பஸ் வந்தால் தலையை அசைக்கிறாள். கன்டெய்னர் ஒவ்வொன்றும் போகும்போது அவள் முந்தானை பறந்து லாரியின் பக்கமே போகிறது. எனக்கு அவளைத் திட்டவும் பயம், கூப்பிடவும் பயம். கூப்பிட்டு அவள் திரும்பிப் பார்த்துவிட்டால்?

நேற்று நிலா அழுதுவிட்டாள்.

"அம்மா, நீ நிக்கிறது ஜாஸ்மின் நின்ன எடம்மா."

கனகம் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும். இங்க நின்னாதான் ரோடு தெரியுது" என்றாள்.