நான்காவது சரணம்

நற்கருணை வரிசை முடியவில்லை. முடிந்துவிட்டது என்று பொய்யாகக் கை காட்டிப் பாட்டை நிறுத்தியவன் நான்தான்!

சொல்லிவிட்டேன். நெஞ்சு லேசாகவில்லை... அலுப்புத்தான் மிச்சம்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். உழவர்கரையில் எங்கள் கோயிலில் பாடகர் குழு மாடியில் நிற்கும். கீழே மக்கள் வரிசையாக வந்து சாமியார் கையால் நற்கருணை அப்பம் வாங்கும்வரை பாடுவோம். வரிசை தீர்ந்தால், எத்தனை சரணம் மீதியிருந்தாலும் அதோடு சரி. பிறகு கீபோர்டு மட்டும் மெதுவாக ஓடும். கம்பியோரம் நின்று கீழே பார்ப்பவன் நான் ஒருவன்தான். நான் கையை மூடினால் பாட்டு நிற்கும்.

அன்று பாடியது ஜெசிந்தா எழுதிய பாட்டு. எங்கள் குழுவில் பாடுபவள், என் வயதுக்காரி. பைக் விபத்தில் போன அவள் தம்பிக்கு முதலாண்டு பூசை. முதல் மூன்று சரணமும் ஆண்டவரோடு சண்டை. ஏன் எடுத்தீர்? எங்கே இருந்தீர்? காது இல்லையா உமக்கு? நான்காவதில்தான், 'ஆனாலும் வருகிறேன், வெறுங்கை நீட்டுகிறேன்' என்று மெல்லத் திரும்பும்.

ஒத்திகையில் நான் மேதாவி மாதிரிப் பேசினேன். கவிதை பற்றி நாலு புத்தகம் படித்த திமிர்!

"ஒவ்வொரு சரணமும் தனியா நிக்கணும் ஜெசி. மூணுலயே எல்லாம் சொல்லிட்ட. நாலாவது சும்மா வாலு."

"வாலா? டேய், அதுலதான்டா பாட்டே திரும்புது! உனக்கு நேராப் போய் செவுத்துல முட்டிக்கத்தான் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் பாடிக் காட்டியதும் அழுதார்கள். நான் எழுதிய பாட்டுகளுக்கு ஒருவரும் அழுததில்லை...

பூசையன்று மூன்றாவது சரணம் முடிந்தபோது வரிசையில் இன்னும் பலர். கடைசியில் அவள் அம்மா. பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் கையை மூடினேன்! பொறாமையா? நான் சொன்னதே சரி என்று காட்டவா? எப்படிக் கேட்டுக்கொண்டாலும் பதில் அசிங்கமாகத்தான் வருகிறது.

"அதுக்குள்ள வரிசை முடிஞ்சிடுச்சா?" என்றாள் ஜெசி.

"முடிஞ்சிடுச்சி."

கீழே இருந்தவர்களுக்கு நான்காவது ஒன்று இருப்பதே தெரியாது. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். "சாமி வூட்டுக்குள்ளயே வந்து சாமியத் திட்டுறா பாரு!" "தம்பி போயிட்டா என்ன வேணா பாடலாமா?" ஜெசி ஒவ்வொருவரிடமும் மீதியைச் சொல்லப் போனாள். யார் நின்று கேட்டார்கள்? அவள் அம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். அதன்பின் அந்த அம்மா எங்கள் கோயிலுக்கு வரவில்லை.

சரணம் தனியாக நிற்பதில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின்னால் வருவதுதான் முன்னால் சொன்னதற்கே பொருள் தருகிறது. ஒரு மன்றாட்டை நான் வசவாக்கிவிட்டேன்... உண்மையைச் சொல்ல எத்தனையோ ஞாயிறுகள் இருந்தன. சொல்லவில்லை.

போன வாரம் பெரிய மார்க்கெட்டில் ஜெசி எதிரே வந்தாள். நான் முகத்தைத் திருப்புவதற்குள் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்குடா ஓடுற? நீ என்ன பண்ணுவ, வரிசை முடிஞ்சா நிறுத்தத்தான வேணும்" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள்! போனில் புதுப்பாட்டு ஒன்றைக் காட்டினாள். இடைவெளியே இல்லாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே கட்டி.

"இனிமே சரணமே பிரிக்கறதில்ல. சண்டை போடுற வரியிலயே கையையும் நீட்டிட்டேன். எங்க நிறுத்தினாலும் தப்பா ஆவாதுல்ல?"

படித்தேன். வரிக்கு வரி, நடுவில் நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். எங்குமே பாட்டு திரும்பவில்லை; திரும்ப அதற்கு இடமே இல்லை.

"சொல்லு, எங்கயாச்சும் மூச்சு முட்டுதா?"

"இல்ல ஜெசி... நல்லா இருக்கு" என்றேன்.