பிந்திச் செழிக்கும் நாடு

இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தோடு என் மகள் பிணைக்கப்பட்டிருந்த காலத்தில் நாங்கள் இருவரும் பல தடவை உலகத்தை ஆண்டோம். வாரத்தில் மூன்று நாள் பெருநிலத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி, கடலை ஊடறுக்கும் தாம்போதியைக் கடந்து தீவிலுள்ள மன்னார் நகருக்கு வருவோம். நான்கு மணித்தியாலம் அவள் கட்டிலிற் கிடக்க வேண்டும். இடக்கையில் ஊசிகள் ஏறியிருப்பதால் அதை அசைக்கலாகாது. ஆகவே டப் என்னும் கைக்கணினியை நான் ஏந்திப் பிடிக்க, அவள் வலக்கை விரலால் விளையாடுவாள். அவளது முறை முடிந்ததும் என் முறை. அதன் பின்னர் கணினியே ஆளும் மற்ற நாடுகளின் முறை.

டென்மார்க்கில் இருக்கும் என் மகன் அக்காவுக்கென்று வாங்கி அனுப்பிய டப் அது. விளையாட்டையும் அவனே அதில் ஏற்றியிருந்தான். பழைய நாகரிகங்களுள் ஒன்றைத் தேர்ந்து, ஒரேயொரு நகருடன் தொடங்கி, முறைக்கு ஓர் அடியாக யுகங்களைக் கடக்க வேண்டும். விடியலிற் பதிகம் பாடி எழும் பழக்கமுடைய எனக்கு அது முதலில் வீண்வேலையாகவே தோன்றியது. பின்னர், நாடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதில் ஒரு சுவை கண்டேன். கொப்பி ஒன்றில் நாட்டுக்கொரு பக்கம் ஒதுக்கி, எதன் பலம் எப்போது வெளிப்படும் என்று எழுதி வைத்தேன்.

சுமேரியருக்குத் தொடக்கத்திலேயே போர்த்தேர் உண்டு. அயலார் மதில் எழுப்பும் முன்னரே பாய்ந்து பிடித்துவிடலாம். ஆனால் பிற்காலத்தில் அவர்களிடம் விசேடமாக ஒன்றும் இராது. பிரெஞ்சுக்காரர் அதற்கு நேர்மாறு. முதற்பாதி முழுவதும் எளிய சனங்கள். யுகங்கள் கழிந்தபின், கட்டிய மாளிகைகளும் தீட்டிய ஓவியங்களும் சேர்ந்து உலகமே அவர்களைத் தேடி வரும். மகள் எப்போதும் சுமேரியரையோ அவரையொத்தவரையோ தேர்ந்தாள். நான் எப்போதும் பிந்திச் செழிப்பவரையே தேர்ந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிகிச்சை தொடங்கிய மாதத்திலேயே வைத்தியர் எங்கள் இருவரையும் இருத்தி, கூடப் பிறந்தவருடைய சிறுநீரகம் பொருந்த நல்ல வாய்ப்பு உண்டென்றும், இதயம் நலமாக இருக்கும்போதே மாற்றிவிடுவது உத்தமம் என்றும் சொல்லியிருந்தார். எனக்குச் சீனி வருத்தம் என்னும் நீரிழிவு. நான் கொடுக்க இயலாது. அவளுடைய தாய் இல்லை. எஞ்சியவன் மகன் ஒருவனே. எட்டு வருடக் காத்திருப்பின்பின் அவன் மனைவி அப்போதுதான் கருவுற்றிருந்தாள். வீடு திரும்பும் வழியில் மகளிடம் சொன்னேன்: "தம்பியிட்டை இப்ப ஒண்டும் சொல்லாதை பிள்ளை. குழந்தை பிறக்கட்டும். நானே கதைக்கிறன்." அவள் தலையசைத்தாள். என்னைத் தாண்டிப் போகும் பிள்ளை அல்லள் அவள்.

ஒரு பிள்ளை கட்டிலில் கிடக்க மற்றப் பிள்ளையையும் கத்திக்குக் கொடுப்பதா என்ற அச்சமே என்னிடம் இருந்தது. அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்தேன். அருள் தனக்குரிய காலத்தில் வரும் என்று எனக்கு நானே ஓதிக்கொண்டேன்.

ஒரு நாள் என் நாட்டைப் பார்த்து மகள் சிரித்தாள்.

"அப்பா, உங்கட நாடு இருநூறாவது முறையிலை வடிவாத்தான் இருக்கும். நாப்பதாவது முறையிலை ஒருத்தன் தேரோட வந்து நிண்டால் என்ன செய்வியள்?"

"மதில் கட்டுவன்."

"உங்கட சனம் இன்னும் கல்லு வெட்டவே படிக்கேல்லை."

பக்கத்துக் கட்டிலில், முசலிக் கரையிலிருந்து வரும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் படுத்திருப்பார். எங்கள் போர்களை ஓயாது கவனிப்பவர். மகள் அவரை அண்ணன் முறையில் 'நானா' என்று அழைப்பாள். "ஐயா, பேசாமல் சரணடையுங்கோ. மகள் எண்டபடியால் உயிர்ப்பிச்சையாவது கிடைக்கும்," என்றார். பிறகு அவளிடம், "தங்கச்சி, எனக்கும் ஒரு நாடு பிடிச்சு வையுங்கோ. தண்ணியை வேண்டிய மட்டும் குடிக்க விடுற நாடாப் பாத்து."

"அப்பிடி நாடு இருந்தால் நானெல்லோ முதல் போவன், நானா!"

அளந்த தண்ணீரில் வாழும் இருவரும் வாய்விட்டுச் சிரித்தனர். எனக்கு என் கட்சியை நிலைநாட்ட வேண்டியிருந்தது.

"எங்கட அடியாரிலையும் ரெண்டு வகை இருக்கினம் பிள்ளை. பால் மணம் மாறமுதல் பாடத் தொடங்கினவரும் இருக்கிறார். நடுவயசிலை வழிக்கு வந்து, எண்பது தாண்டியும் கோயில் முத்தத்திலை உழவாரத்தாலை புல்லுச் செருக்கினவரும் இருக்கிறார். பிந்தினவர் எதிலை குறைஞ்சவர்?"

"முந்தினவர் பதினாறு வயசிலையே போயிட்டாரே அப்பா," என்றாள். பிறகு, "பிந்தினவருக்குச் சூலை நோய் வந்ததெல்லோ. அப்ப ஆரிட்டைப் போனவர்?"

"தமக்கையிட்டை."

"அக்கா நாள் பாத்தவவோ?"

"இல்லையே. வந்தவுடனை திருநீறு குடுத்து, கையோட கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனவ."

அவள் விரலை நீட்டித் தன் முறையை முடித்தாள். மகள் நம் அடியார் சரிதத்தில் ஆர்வம் கொண்டுவிட்டாள் என்று நான் உள்ளம் பூரித்தேன். பக்கத்துக் கட்டிற்காரருக்கு அந்தச் சரிதம் முழுவதையும், பதிகம் பிறந்த இடத்தில் குரல் தழுதழுக்க, எடுத்துரைத்தேன். அவர் மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தார். மகள் கண்களை மூடிக் கிடந்தாள்.

குழந்தை பிறந்தது. பேரன். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியட்டும் என்றேன். பிறகு தாய்க்கு உடம்பு தேறட்டும் என்றேன். பிறகு அந்த நாட்டுக் குளிர்காலம் போகட்டும் என்றேன். ஒவ்வொன்றுக்கும் அவள் "ஓம் அப்பா" என்றே சொன்னாள். கட்டிலில் மட்டும், முன்னிலும் கடுமையாக, என் தலைநகரங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பங்குனியில் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இரண்டு தலையணை வேண்டியிருந்தது, பிறகு மூன்று. இதயத்தைப் படம் பிடித்துப் பார்த்த வைத்தியர் அது வீங்கிப் பலவீனமாகிவிட்டது என்றார். அன்று பகலே ஆசுப்பத்திரி வாசலில் நின்று மகனுக்கு அழைப்பெடுத்தேன். ஒரு வாரத்துக்குள் வந்து சேர்ந்தான். வந்தவன் முகம் கழுவவும் இல்லை; சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, "ரத்தத்தை எடுத்துச் சோதியுங்கோ," என்று வைத்தியர் முன் போய் நின்றான். இந்த இதயம் சத்திர சிகிச்சையைத் தாங்காது என்றார் அவர். போன வருடமென்றால் வேறு கதை என்றும் சொன்னார். குறை சொல்லும் தொனி அதில் இல்லை.

மகன் எங்கள் இருவரிடமும் திரும்பி வந்தான். "போன வருசமே இதைச் சொன்னவையோ? ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?"

அவன் பார்வை என்மேல் படுமுன் மகள் பேசினாள். "எனக்குத்தான் சொன்னவை. நான் அப்பாவுக்கும் சொல்லேல்லை. ஒப்பிரேசன் எண்டால் எனக்குச் சின்னனிலேயே பயம்தானே, மடையா. உனக்குத் தெரியாதோ?"

அவன் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதான். அவள் தன் நல்ல கையால் அவன் தலைமயிரைக் கலைத்துவிட்டாள். நான் இருவருக்கும் இரண்டு அடி தூரத்தில், டப்பை ஏந்தியபடி நின்றேன். ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. வாழ்நாளெல்லாம் உரத்துப் பாடிய வாய் அது. திறக்கவில்லை.

மகன் விடுமுறை முடிந்து திரும்பியபின், பஸ்ஸில் அவளிடம் கேட்டேன். "ஏன் பிள்ளை அவனிட்டை அப்பிடிச் சொன்னனீ?"

அவள் யன்னலுக்கு வெளியே வற்றிக் கிடந்த கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஊரிலை அவனுக்கு இனி நீங்கள் மட்டும்தானே இருப்பியள். உங்களோட கோபிச்சுக்கொண்டு அவன் ஆரோட கதைக்கிறது?"

ஆனிமாதம் அவள் போய்விட்டாள்.

நான் இறைவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோயிலில், பிழை பொறுக்க வேண்டிப் பாடும் இடம் வரும்போதெல்லாம் சொல்கிறேன். அது எளிது, அவன் முன்னரே அறிந்தவன்.

மகன் ஞாயிறுதோறும் அழைக்கிறான். பேரனைத் திரைக்கு முன் நிறுத்தி, "அப்பப்பாவுக்கு வணக்கம் சொல்லு," என்கிறான். பிள்ளை கைகூப்பிவிட்டு ஓடிய பின்னர் அவன் குரல் தாழ்ந்துவிடும். "அக்கா பயந்திட்டா, அப்பா. எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். நான் பக்கத்திலை நிண்டு பயத்தைப் போக்கியிருப்பனே," என்கிறான். எத்தனையோ ஞாயிறாக இதையே சொல்கிறான். பயமே அறியாத அவளை, ஒவ்வொரு வாரமும் அவன் பயந்தவளாக நினைத்துக்கொள்கிறான்.

"ஓம் மகன்," என்கிறேன் நான்.