மாயவனின் வலது கால்

மரக்காணத்து உப்பு லாரிப் பாதையில் பைக் ஓட்டிப் பழகினவன் எவனும் முன்பிரேக்கைத் தொடமாட்டான். ஈர உப்பு ஏற்றின லாரி வழியெல்லாம் தண்ணியைச் சொட்டிக்கொண்டே போகும். ரோடு வழவழவென்று கிடக்கும். அதில் முன்சக்கரம் ஒருதரம் இறுகினால் ஆள் கீழேதான். அதனால் பின்பிரேக்கை மட்டும், அதையும் விட்டு விட்டுத்தான் மிதிப்பார்கள். பதினேழு வயதில் மூட்டை தூக்கப் போனபோதே மாயவன் இதைப் பழகிக்கொண்டான். ஐம்பது வயதில் அவன் காலுக்கு இதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

அந்தக் காலை வைத்துத்தான் சோறு. குயிலாப்பாளையத்தில் ஜான்சி என்கிற பெண் வெளியூர்க்காரர்களைப் பெரிய மோட்டார் சைக்கிள்களில் ஊர் ஊராகக் கூட்டிப் போகும் தொழில் நடத்துகிறாள். எட்டு வண்டி வரிசையாகப் போகும். பதினாறு வருஷமாக முதல் வண்டி மாயவனுடையது. டாக்டரும் இன்ஜினீயரும் அவன் முதுகைப் பார்த்தே ஓட்டினார்கள். மூட்டை தூக்கின ஆளுக்கு அது சின்ன விஷயமா? அந்த முதல் இடம் போனால் தான் யாருமில்லை என்று அவனுக்குத் தெரியும்.

போன வருஷம் ஜான்சி பழைய வண்டிகளைத் தள்ளிவிட்டுப் புதுசு எடுத்தாள். எல்லாம் ஏபிஎஸ். பின்பிரேக்கை மிதித்தால் முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். சக்கரம் இறுகப்போனால் வண்டியே விட்டு விட்டுப் பிடித்துக்கொள்ளும். ஓட்டுகிறவன் அழுத்தின காலை எடுக்கவே கூடாது. இதைச் சொல்லித்தர ஒரு ஆள் வந்து நாள் முழுக்க மைதானத்தில் கத்தினான். மாயவன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றான். எனக்கே பிரேக் போடக் கத்துத்தரானாம் என்று மெக்கானிக் சிங்காரத்திடம் சொல்லிச் சிரித்தான்.

தை மாசம் ஒரு காலை, அனுமந்தைக்குக் கொஞ்சம் முன்னால், லாரி சொட்டிப் போன ஈரத்தில் மீன் விற்கிற சாலம்மாள் கூடையோடு ரோட்டைக் கடந்தாள். மாயவன் மிதித்தான். பெடலுக்குள்ளே இருந்து யாரோ திருப்பி உதைக்கிற மாதிரி கடகடவென்று அடித்தது. அதற்குப் பிறகு நடந்தது அவனுக்குச் சரியாக நினைவில் இல்லை. வண்டி நிற்கவில்லை. சாலம்மாள் விழுந்தாள், கணுக்கால் முறிந்தது. பின்னால் வந்த ஏழு வண்டியும் அதே ஈரத்தில் நின்றன.

ஜான்சி கேட்டபோது பிரேக் பிடிக்கவில்லை, உதைத்தது என்றான். முந்தின நாள்தான் சிங்காரம் அந்தச் சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தான். பழி நேராக அவன் தலையில் போய் உட்கார்ந்தது. வண்டியைப் பார்த்து முடிக்கிற வரைக்கும் பட்டறைப் பக்கம் வரவேண்டாம் என்று ஜான்சி சிங்காரத்திடம் சொல்லிவிட்டாள். மாயவன் பக்கத்தில்தான் நின்றான். வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள், வண்டியை அலசிப் பார்த்த வெளி மெக்கானிக் குறை ஒன்றும் இல்லை என்றான். அப்படியும் ஜான்சிக்குச் சிங்காரத்தின் மேல் சந்தேகம் போகவில்லை. பதினாறு வருஷத்து ஆள் பொய் சொல்லுவானா? சிங்காரம் அவளிடம் கெஞ்சி வண்டியை வாங்கிக்கொண்டு நேராக மாயவன் வீட்டுக்கு வந்தான். ஒரே ஒரு தரம் மிதித்துக் காட்டச் சொன்னான்.

உச்சிவெயிலிலும் லாரி ஈரம் காயாத உப்பளத்துப் பாதைக்குப் போனார்கள். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து மாயவன் மிதித்தான். சிங்காரம் ஓரத்தில் குந்தியிருந்தான்.

"என்னா பாத்தே?"

"வண்டிய பாக்கலண்ணே. உன் கால பாத்தேன். உதைச்சதும் தூக்கிட்டே. மறுபடி மிதிச்சே, மறுபடி தூக்கிட்டே."

இல்லவே இல்லை என்றான் மாயவன். பொய்யாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அவனுக்குத் தெரியாது. இந்தத் தரம் எடுக்கமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். பெடல் அடித்தது. கால் மேலே வந்து நின்றது. வேறு எவனுடைய காலோ மாதிரி அதைக் குனிந்து பார்த்தான்.

"மேடம்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

"ரெண்டு நாள் குடுப்பா. பழகிடறேன்."

"உன் கால் பழகற வரைக்கும் நான் திருட்டுப்பய மாதிரி வூட்ல குந்திக்கினு இருக்கணுமாண்ணே?"

மாயவன் அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சாலம்மாளைப் பார்த்தான். அவள் கட்டுப்போட்ட காலைக் காட்டி, "ஊரையே கூட்டிக்கினு போறே, நான் ஒருத்தி வந்தா நிக்கத் தெரியலியா?" என்றாள். இனி மூன்று மாசம் கூடை தூக்க முடியாதாம். அவள் மகள் ஸ்டூலை நகர்த்திப் போடவில்லை. நின்றபடியே இருந்துவிட்டு வந்தான்.

அங்கிருந்து நேராக ஜான்சியிடம்தான் போனான்.

"பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு மேடம். நான்தான் கால எடுத்துட்டேன்."

இது எப்போது தெரியும் என்று ஜான்சி கேட்டாள். சொன்னான்.

"கால் தப்பு பண்ணா பழக்கிக்கலாம் மாயவண்ணே. சிங்காரத்த வெளிய நிக்க வச்சிட்டு சும்மா இருந்தியே, அதுக்கு நான் என்னா பண்றது?"

முதல் இடம் போயிடும்னு பயந்தேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரை வந்தது. சொன்னால் இன்னும் கேவலம் என்று விழுங்கிக்கொண்டான்.

அடுத்த பயணத்தில் முதல் வண்டியைப் பிரியங்கா எடுத்தாள். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். மாயவனுக்குப் பெட்டி படுக்கை ஏற்றின வேன், வரிசைக்குக் கடைசியில். வழியில் ரிப்பேர் பார்க்க மெக்கானிக்கும் அந்த வேனில்தான் வரவேண்டும். சிங்காரம் ஏறிக் கதவைச் சாத்தினான், டூல்ஸ் பையை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தான்.

முன்னால் போன வண்டிகள் ஒவ்வொன்றாக வளைவில் மறைந்தன. மாயவன் ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்தான்.

"ஏம்பா, ரெண்டு திட்டாவது திட்டேன்."

சிங்காரம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான்.

"ரோட்ட பாத்து ஓட்டு" என்றான்.

கூடவே ஒரு 'அண்ணே' வரும் என்று மாயவன் காத்திருந்தான். வரவில்லை.